இஎஸ்ஆர் போடும்போது ஸ்டாண்டைப் பாருங்கள்

இஎஸ்ஆர் என்பது ஒரு மணி நேரத்தில் ரத்தத்தின் சிவப்பணுக்கள் எவ்வளவு இறங்குகின்றன என்று பார்க்கும் சோதனை. நான்கு பங்கு ரத்தம், அது உறையாமலிருக்க ஒரு பங்கு 3.8 சதவீத சோடியம் சிட்ரேட். ட்யூபை ஏழெட்டு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் செல் உடையும். மில்லிமீட்டர் கோடு போட்ட நீளமான வெஸ்டர்கிரென் குழாயில் ரப்பர் பல்பால் சைபர் கோடு வரை ஏற்றுங்கள். வாயால் உறிஞ்சவே கூடாது. குமிழி தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

அடுத்தது ஸ்டாண்ட். குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மெல்ல இறங்கும். ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் கூடினால் அந்த விலகல் தோற்றுப்போகும். காசு அடுக்கியதுபோல் செல்கள் ஒட்டி, கனத்து, வேகமாக இறங்கும். நாம் அளப்பது இதைத்தான். குழாய் சாய்ந்தால் செல்கள் ஒரு சுவரோரமாகச் சறுக்கி, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா மறுபக்கம் ஏறிவிடும். மூன்று டிகிரி சாய்வே முடிவைக் கணிசமாக ஏற்றிக் காட்டும்.

பழைய லேபில் ஸ்டாண்டின் ஒரு கால் தேய்ந்திருந்தது. ஒரு வாரம் எல்லாருக்கும் இஎஸ்ஆர் அதிகம்! அன்றிலிருந்து என் மேசையில் ரசமட்டம் இருக்கிறது.

வெயில், சென்ட்ரிஃபியூஜ் (ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின்) அதிர்வு இரண்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். சரியாக 60 நிமிடம். அப்புறம் மேலே தெளிந்த பிளாஸ்மாவின் உயரத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.