‘சேவ் தி லாஸ்ட் டான்ஸ்’ படத்தை வகுப்புப் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி

முதல் வேலை, “இது ஒரு நடனப் படம்” என்று சொல்லிப் பிள்ளைகளை உட்கார வைக்காமலிருப்பது. நான் முதல்முறை அப்படிச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை மதியம், பிளஸ் ஒன் மாணவிகள் 38 பேர், ஜன்னலுக்குப் பழைய போர்வை கட்டிய வகுப்பறை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். “எப்போது மிஸ் ஆடுவார்கள்?” என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. அதற்குள் அங்கே ஒருத்தி இன்னொருத்திக்குத் தலை பின்ன ஆரம்பித்திருந்தாள்.

அதற்குப் பிறகு இந்தப் படத்தை ஐந்து வகுப்புகளுக்குப் போட்டுவிட்டேன். நான் ஆங்கிலப் பாடம் நடத்துகிறவள். சினிமா விமர்சகர் அல்ல. மகத்தான படம் என்றும் சொல்லமாட்டேன். முடிவு என்னவாக இருக்கும் என்பதைப் பாதிக்கு முன்பே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஆனால் பதினாறு வயதுக்காரிகளை வாய் திறக்க வைக்க இதைவிட வசதியான படம் எனக்கு இதுவரை அகப்படவில்லை. நான் செய்த தவறுகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

போடுவதற்கு முன் தனியாக ஒருமுறை பாருங்கள். அமெரிக்காவில் ‘பிஜி-13’ சான்றிதழ் பெற்ற படம், அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சில பகுதிகள் ஒத்துவராமல் போகலாம் என்ற எச்சரிக்கை. கெட்ட வார்த்தை உண்டு, துப்பாக்கி உண்டு, காதலர்கள் நெருங்கும் காட்சி உண்டு. உங்கள் பள்ளிக்கு எது ஒத்துவரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நான் ஓர் இடத்தை மட்டும் வேகமாக ஓட்டித் தாண்டிவிடுவேன். ஓட்டப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் ஓட்டினால் மீதிப் படம் முழுக்க அதைப் பற்றித்தான் கிசுகிசுப்பார்கள்.

கதையையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சுவை ஒன்றும் கெட்டுவிடாது. சாரா வெள்ளைக்காரப் பெண், பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனம் ஆடுகிறவள். நியூயார்க்கிலுள்ள ஜூலியார்டு கல்லூரிக்கான தேர்வில் அவள் தடுமாறுகிறாள். அதைப் பார்க்க அவசரமாகக் காரில் வந்துகொண்டிருந்த அம்மா விபத்தில் இறந்துபோகிறார். அப்பா ஜாஸ் இசைக்கலைஞர், குடும்பத்தோடு ஒட்டாமல் சிகாகோவில் தனியாக வாழ்பவர். அவரிடம் வந்து சேர்கிறாள். புதிய பள்ளியில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள். ஷெனீல் தோழியாகிறாள். அவளுடைய தம்பியோ அண்ணனோ என்று பிள்ளைகள் சண்டை போடும் டெரெக், சாராவுக்கு ஹிப்-ஹாப் நடனம் கற்றுக்கொடுக்கிறான். இருவருக்கும் காதல் வருகிறது. அவனுக்கு மருத்துவம் படிக்க ஆசை. இவ்வளவு போதும்.

அடுத்து, கரும்பலகை. சிகாகோவை நான் மூன்று கோட்டில் வரைவேன். வலப்பக்கம் மிச்சிகன் ஏரி, நடுவில் உயர்ந்த கட்டடங்கள், கீழே தெற்குப் பகுதி. கறுப்பின மக்கள் ஏன் அந்தத் தெற்குப் பகுதியில் திரண்டார்கள் என்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏறக்குறைய 1916 முதல் 1970 வரை, தென்மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி 60 லட்சம் பேர் வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். சிகாகோ அவர்கள் போய்ச் சேர்ந்த பெரிய ஊர்களில் ஒன்று. அங்கே வீட்டுப் பத்திரத்திலேயே ‘கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-ல். பத்திரத்தில் எழுதுவதா என்று பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். பத்திரம் என்றால் என்ன என்பது அவர்களுக்கு வீட்டிலேயே தெரியும். அதனால் இந்த ஒரு செய்தி மற்ற எல்லாவற்றையும்விடச் சட்டென்று போய்ச் சேர்கிறது.

இன்னும் இரண்டு ஆண்டுகளைப் பலகையின் ஓரத்தில் எழுதிவிட்டு அழிக்காமல் விட்டுவிடுங்கள். 1967: வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு. அதுவரை 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. 2000 நவம்பர்: செல்லாமல் போன அந்தத் தடையை அலபாமா மாநிலம் தன் அரசியல் சட்டப் புத்தகத்திலிருந்து வாக்கெடுப்பு நடத்தி நீக்கிய மாதம். நீக்க வேண்டாம் என்று ஏறக்குறைய நூற்றுக்கு 40 பேர் வாக்களித்தார்கள். படம் திரைக்கு வந்தது 2001 ஜனவரியில். இடையில் இரண்டே மாதம். ரயிலில் டெரெக்கையும் சாராவையும் ஒரு பெண்மணி பார்க்கும் பார்வை வரும்போது, நீங்கள் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. யாராவது ஒருத்தி பலகையைத் திரும்பிப் பார்ப்பாள்.

சொற்களைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். நம் பழைய புத்தகங்களில் ‘நீக்ரோ’ என்று இருக்கும். பிள்ளைகள் கள்ளமில்லாமல் அதையே சொல்வார்கள். திட்டாதீர்கள். அந்தச் சொல்லை அந்த மக்களே கைவிட்டுவிட்டார்கள், அதனால் நாமும் சொல்வதில்லை என்றால் புரிந்துகொள்வார்கள்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும். “இது நம் ஊர் சாதி மாதிரிதானே மிஸ்?” நல்ல கேள்விதான். ஆனால் அன்றைக்கு அதற்குப் பதில் சொல்லாதீர்கள். ஒரு தாளில் எழுதி வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுங்கள். அடுத்த வாரம் எடுத்துப் பேசலாம். முதல் ஆண்டு நான் அப்போதே பேசப்போய், சிகாகோ காணாமல் போய்விட்டது. டெரெக் எங்கள் பக்கத்துத் தெருப் பையனாகிவிட்டான். அவனுக்கென்று இருக்கும் ஊரும் வரலாறும் ஆத்திரமும் யார் கண்ணிலும் படவில்லை.

இனி ஆட்டம். டெரெக் சாராவுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சிகளைச் சும்மா பார்க்கவிடாமல் எழுந்து நிற்கச் சொல்லுங்கள். நான் செய்வது இதுதான். மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு முதலில் பாலேக்காரி மாதிரி நிற்கச் சொல்வேன்: உச்சந்தலையில் நூல் கட்டி யாரோ மேலே இழுப்பதுபோல், முழங்கால் நேராக, பாதங்கள் பக்கவாட்டில் விரிந்து. அப்படியே எட்டு எண்ணுவோம். அடுத்து ஹிப்-ஹாப்: பாதங்கள் முன்னோக்கி, முழங்கால் தளர்ந்து, தோள் தளர்ந்து. ஒவ்வோர் எண்ணுக்கும் உடம்பு கீழே இறங்க வேண்டும். குதிக்கக்கூடாது. மாடிப்படியில் கடைசிப் படி இல்லாமல் கால் சட்டென்று இறங்குமே, அந்த இறக்கம். அதையே எட்டுத் தடவை. எனக்கு 53 வயது. நான் இறங்கிக் காட்டும்போது முழங்காலில் வரும் சத்தத்துக்குத்தான் வகுப்பில் முதல் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எல்லோரும் ஆடுவார்கள்.

ஒரு மாணவிக்கு மட்டும் வரவே இல்லை. ஒன்பது ஆண்டுகள் பரதநாட்டியம் படித்தவள், வகுப்பிலேயே நன்றாக ஆடுகிறவள். பாதங்களை முன்னோக்கி வைக்கச் சொன்னால் வைக்கிறாள். மூன்றாவது எண்ணில் அவை தாமாகவே பக்கவாட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. குனிந்து தன் கால்களையே யாரோ அந்நியருடைய கால்களைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடனே படத்தைப் பின்னோக்கி ஓட்டி, சாரா தப்புத்தப்பாக ஆடும் இடத்தை மறுபடி போட்டேன். இந்த முறை யாரும் சாராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆட்டம் தெரியாமல் அல்ல, வேறோர் ஆட்டம் உடம்பில் ஊறிப்போனதால்தான் அவள் தடுமாறுகிறாள் என்பது அந்த அறைக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் எத்தனை வாக்கியத்தில் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

பாலே காட்சிகளில் காமெராவைக் கவனிக்கச் சொல்லுங்கள். முகம் தெரிகிறதா, கால் தெரிகிறதா? இரண்டும் ஒன்றாக எத்தனை முறை தெரிகின்றன? நுனிக்கால் ஆட்டத்துக்கு டூப் போட்டிருக்கிறார்கள். வெட்டு எங்கே விழுகிறது என்று பிள்ளைகள் போட்டி போட்டுக் கண்டுபிடிப்பார்கள். விளையாட்டாகவே இருக்கட்டும்.

அப்படிக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலணியின் நிறத்தைக் கேளுங்கள். இளஞ்சிவப்பு. ஏன் அந்த நிறம்? காலும் காலணியும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. யாருடைய காலுக்கு? கறுப்பின ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் காலணிக்கு முகப்பூச்சு தடவி நிறம் மாற்றிக்கொண்டார்கள். பிரிட்டனில் ‘ஃப்ரீட்’ நிறுவனம் பழுப்பு நிறங்களில் நுனிக்கால் காலணி கொண்டுவந்தது 2018-ல்தான். பாலே என்பது வெள்ளையரின் சொத்து, ஹிப்-ஹாப் கறுப்பரின் சொத்து என்று படம் சுலபமாக இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். 1957-லேயே நியூயார்க்கில் பாலன்ஷீன் என்ற நடன அமைப்பாளர் தன் ‘அகோன்’ பாலேயில் ஆர்தர் மிட்சல் என்ற கறுப்பினக் கலைஞரையும் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளைக்காரக் கலைஞரையும் ஜோடியாக ஆட வைத்தார். அந்த ஜோடி பல மாநிலங்களில் திருமணம் செய்துகொள்ள முடியாத காலம் அது. பலகையில் 1967 இருக்கிறதல்லவா, அதைக் காட்டுங்கள். அதே மிட்சல் 1969-ல் ‘டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்’ என்ற பாலே குழுவைத் தொடங்கினார்.

படத்தின் உயிர் ஆட்டத்தில் இல்லை, மருத்துவமனைக் காட்சியில் இருக்கிறது. கைக்குழந்தையோடு காத்திருக்கும் ஷெனீல், சாராவிடம் மனத்தில் இருப்பதைக் கொட்டிவிடுகிறாள். சிறைக்கும் போதைக்கும் துப்பாக்கிக்கும் போனது போக மிஞ்சியிருக்கும் ஒருசில நல்ல பையன்களில் ஒருவனை நீ வந்து எடுத்துக்கொள்கிறாய், எங்களுக்கு வலிக்காதா? சாராவிடம் பதில் இல்லை. அந்தக் காட்சி வந்தவுடன் முதல் ஆண்டு நான் படத்தை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தேன். அடிமை முறையிலிருந்து தொடங்கினேன். மணி அடிக்கும்வரை பேசினேன். படத்தின் கடைசிப் பகுதியை அந்த வகுப்பு இன்றுவரை பார்க்கவில்லை.

இப்போது செய்வது: நிறுத்தாமல் ஓடவிடுவேன். முடிந்ததும் பின்னோக்கி ஓட்டி, அதே காட்சியை இன்னொரு முறை, இந்த முறை ஷெனீலின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லிப் போடுவேன். கெர்ரி வாஷிங்டன் நடித்திருக்கிறார். பிற்பாடு பெரிய நட்சத்திரமாவார் என்பது அங்கேயே தெரியும். பிறகு ஒரே கேள்வி: யார் சொல்வது சரி? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். ஆசிரியருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. ஒரு நிமிட அமைதி ஒரு மணி நேரமாக நீளும். நான் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒருமுறை முன்வரிசையில் அதுவரை பேசாதிருந்த ஒருத்தி, “இரண்டு பேரும் டெரெக்கைப் பங்கு பிரிக்கிறார்களே, அவனிடம் யாராவது கேட்டார்களா?” என்றாள். அந்தக் கோணம் எனக்கு அதற்குமுன் தோன்றியதே இல்லை.

கடைசியில் சாரா மறுபடி தேர்வுக்குப் போகிறாள். டெரெக் கற்றுக்கொடுத்த அசைவுகளைப் பாலேயோடு கலந்து ஆடுகிறாள். அவன் அங்கே வந்து தெம்பு கொடுக்கிறான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். தட்டட்டும், நானும் தட்டுவேன். ஓய்ந்ததும் பலகையில் இரண்டு கட்டம் போட்டு, யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்று நிரப்பச் சொல்லுங்கள். சாராவின் கட்டம் சீக்கிரம் நிறைந்துவிடும்: அசைவுகள், துணிச்சல், ஒரு புதிய ஊர். டெரெக்கின் கட்டத்தில் சாக்பீஸ் தயங்கும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அவனுக்குக் கிடைத்த இடத்தைச் சிலர் அங்கே எழுத வருவார்கள். அது அவன் படித்து வாங்கியது, சாரா கொடுத்ததல்ல என்று வேறொருத்தி அழித்துவிடுவாள். எனக்குப் படத்தின் மேல் இருக்கும் குறை இதுதான். வெள்ளைக்காரப் பெண் தேறிவரும் கதைக்குக் கறுப்பினப் பையன் துணை நிற்கிறான். அதே சமயம், அவனுக்கென்று ஒரு புத்தகப் பையும் ஒரு கனவும் கொடுத்திருப்பதற்காகப் படத்துக்குப் பாதி மதிப்பெண் தந்துவிடுவேன்.

விளக்கைப் போட அவசரப்படாதீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடட்டும். இயக்கியவர் தாமஸ் கார்ட்டர், கறுப்பினத்தவர். ஹிப்-ஹாப் நடனம் அமைத்தவர் ஃபாத்திமா ராபின்சன், அவரும் அப்படியே. பாலே பகுதிகளை அமைத்தவர் யார் தெரியுமா என்று கேளுங்கள். யாரும் சொல்லமாட்டார்கள். ராண்டி டங்கன்: சிகாகோக்காரர், கறுப்பினக் கலைஞர். அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பாலே, திரையில் வராத ஒரு கறுப்பினத்தவரின் கையிலிருந்து வந்தது. இதைச் சொல்லிவிட்டு நான் புரொஜெக்டரை அணைத்துவிடுவேன்.

பிறகு மேசைகளைப் பழைய இடத்தில் போட வேண்டும், போர்வையை அவிழ்த்து மடிக்க வேண்டும், இழுப்பறையில் இருக்கும் தாளை மறக்காமல் பூட்ட வேண்டும். அன்று நான் அறையைப் பூட்டிவிட்டு வரும்போது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் அந்த ஒன்பது ஆண்டுக்காரி பையை முதுகில் மாட்டியபடி தனியாக எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வரைக்கும் பாதங்கள் நேராக நின்றன. ஆறில் திரும்பிவிட்டன.