"ஸ்டெம் செல் போட்டால் ஊசி வேண்டாம்" என்றால் என்ன கேட்க வேண்டும்

என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. நாங்கள் குடியாத்தம். மூன்றாவது வாரமே சொந்தக்காரர் ஒருவர் நோட்டீஸ் கொண்டுவந்தார்: ஸ்டெம் செல் (வேறு வகை செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) சிகிச்சை, நான்கரை லட்சம், இனி இன்சுலின் வேண்டாம். காட்பாடி மனையை விற்கலாம் என்றே முடிவுசெய்திருந்தேன். அதே நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன்.

முதலில், எந்த செல்லை ஏற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். இந்த நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை வளர்த்து, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தியது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை என்று 2025-இல் முடிவு வந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர்கள் எல்லாரும் பெரியவர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்துவரை போனவர்கள். புதிய செல்களையும் உடம்பு அழித்துவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். இடுப்பெலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ செல்லை எடுத்துத் திருப்பி ஏற்றுவது வேறு சங்கதி; அது ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல் இல்லை.

"வேலூரிலேயே செய்கிறார்களே" என்பார்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது, உண்மைதான். அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான், ஆனால் ரத்த நோய்களுக்கு.

அடுத்து, சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழிகாட்டுதல்படி சர்க்கரைக்கு ஸ்டெம் செல் என்பது பதிவுசெய்த ஆய்வுக்குள் மட்டும்தான். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது வேறு ஒன்று. மனைக்கு ஆள் வருவதற்குள் மகளின் இன்சுலின் 18 யூனிட்டிலிருந்து 6-க்கு இறங்கிவிட்டது. ராத்திரி மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தாலும் 110, 120. ஒரு சிகிச்சையும் செய்யவில்லை! டாக்டர் இதை ஹனிமூன் காலம் என்றார்: மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்ச மாதம் தலைதூக்கும், அப்புறம் அடங்கிவிடும். பணம் கட்டியிருந்தால் அந்த 6 யூனிட்டைப் பார்த்து ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். அதனால், யாராவது "குணமான குழந்தை" என்று காட்டினால், நோய் வந்து எத்தனை மாதத்தில் சிகிச்சை செய்தார்கள், முன்னும் பின்னும் சி-பெப்டைட் (உடம்பே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு என்ன, இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்கு எட்டாவது மாதம் 20 யூனிட்டுக்கு ஏறியது.

எது எப்படியானாலும், யார் சொன்னாலும், இன்சுலினை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். நம் ஊர் மே வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால், மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு, மருந்தை நனையாமல் டப்பாவில் உள்ளே வையுங்கள். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளியுங்கள்.