வெள்ளம் வடிந்த பிறகு: நிவாரணம், ஆவணம், இன்சூரன்ஸ் - எதை முதலில் செய்வது?

தண்ணீர் வடிந்ததும் தெருவில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "நிவாரணம் எப்ப குடுப்பாங்க?" என்பதுதான். உண்மையில் அதற்காக நாம் ஓட வேண்டியது குறைவு. அரசாணை வந்துவிட்டால் ரேஷன் கடை வழியாக அது தானாக நகரும். வீட்டுச் சேதம், தொலைந்த பத்திரம், நனைந்த மார்க்‌ஷீட், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் நாம் போய்க் கேட்டால்தான் நடக்கும். அதிலும் வரிசை மாறினால் ஒரே இடத்துக்கு இரண்டு தடவை அலைய வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. அப்போது நான் செய்தவற்றை, பிறகு அக்கம்பக்கத்தாருக்கும் உதவியதில் தெரிந்துகொண்டவற்றோடு சேர்த்து எழுதுகிறேன்.

1. கழுவும் முன் போட்டோ

சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி ஒவ்வொரு அறையையும் எடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் உள்ள சீரியல் எண்ணையும் எடுங்கள். விஏஓ கணக்கெடுக்க வரும்போதும், இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதும் வீடு பளிச்சென்று இருந்தால் பேச ஒன்றும் இருக்காது. மெயின் சுவிட்ச் நனைந்திருந்தால் கை வைக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

2. போன் நம்பரை உயிர்ப்பியுங்கள்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நானும் மாட்டினேன். ஆதார், டிஜிலாக்கர் (அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகம்), ரேஷன் அட்டை, வங்கி என்று எதைத் திறந்தாலும் ஓடிபி கேட்கும். அது வர வேண்டிய போனோ தண்ணீரில் கிடந்தது.

பழைய சிம் பிழைத்திருந்தால் கவலை இல்லை, துடைத்து வேறு போனில் போடுங்கள். அதுவும் போயிருந்தால் கம்பெனியின் நேரடி ஷோரூமுக்குப் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள். கையில் அட்டை எதுவும் இல்லாவிட்டாலும் ஆதார் எண் தெரிந்தால் கைரேகை வைத்துத் தருவார்கள். பெட்டிக்கடையில் வேண்டாம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிம் மாற்றியதும் அழைப்பு வரும், இணையம் வேலை செய்யும், ஓடிபி மட்டும் வராது. மோசடியைத் தடுக்க, மாற்று சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் நிறுத்தி வைப்பது விதி. இது தெரியாமல் "சைட் வேலை செய்யல" என்று விடாமல் ஓடிபி கேட்டுக்கொண்டே இருந்தால் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும். சிம் வாங்கிய அன்றைக்கு வேறு வேலையைப் பாருங்கள்.

ஆதாரில் இருப்பது எப்போதோ கைவிட்ட நம்பர் என்றால் அதற்கு ஓடிபி வந்து சேராது. ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஆவணம் எதுவும் தேவையில்லை, கைரேகை போதும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முதலில் முடித்துவிடுங்கள்.

3. ஆவணங்கள்

நனைந்த தாள்களைப் பிரித்துப் பார்க்க அவசரப்படாதீர்கள், கிழியும். நிழலில் உலர்த்துங்கள். இப்போது நேரமில்லை என்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாடி வீட்டுக்காரரின் ஃப்ரீசரில் வையுங்கள், பூஞ்சை பிடிக்காது. வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்.

இ-ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஆதார் எண்ணே நினைவில்லை என்றால் 1947. ஓட்டுநர் உரிமம், ஆர்சி இரண்டையும் டிஜிலாக்கரில் எடுங்கள். வாட்ஸாப்பில் கிடக்கும் பழைய போட்டோவை நம்பாதீர்கள். டிஜிலாக்கரில் துறையே வழங்கும் பிரதி சட்டப்படி அசலுக்குச் சமம், போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை.

தொலைந்தவற்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆவண இழப்பு அறிக்கையை நீங்களே பதியலாம். நகல் கேட்கப் போகும் பல இடங்களில் இது உதவும்.

மார்க்‌ஷீட்டுக்கு இ-சேவையில் தனிச் சான்றே இருக்கிறது: பேரிடரில் கல்விச் சான்றுகளை இழந்ததற்கான வருவாய்த் துறைச் சான்று. மையத்தில் உள்ளவருக்கே சில சமயம் தெரியாது, பட்டியலில் தேடச் சொல்லுங்கள். அது கிடைத்ததும் படித்த பள்ளி வழியாக நகலுக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டுப் பத்திரம் போய்விட்டதே என்று கலங்க வேண்டாம், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் பதிவு இருக்கிறது. பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்த்து ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு சான்றிட்ட நகல் கேளுங்கள். இந்தத் தளத்தை மட்டும் கம்ப்யூட்டரில் திறப்பதே நல்லது, போனில் பொறுமை போய்விடும்.

பணம் கட்டும் முன் ஒரு விஷயம். 2015-லும் 2023-லும் வெள்ளத்துக்குப் பிறகு அரசு சிறப்பு முகாம் நடத்திக் கட்டணமில்லாமல் நகல்கள் தந்தது. அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள்.

4. வண்டி

சாவியைத் திருகாதீர்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை இயக்கினால் உள்ளே உடையும், பிறகு க்ளெய்மும் சிக்கலாகும். அப்படியே போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லி, வேனில் ஏற்றி அனுப்புங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. இன்ஜினுக்கான கூடுதல் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

5. நிவாரணத் தொகை

போன தடவை கொடுத்ததே இந்தத் தடவையும் வரும் என்று நினைக்காதீர்கள். 2015-இல் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், 2023 மிக்ஜாமுக்கு 6,000, 2024 ஃபெஞ்சலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000. 2023 டிசம்பர் நடுவில் தென்மாவட்டங்கள் மூழ்கியபோது கடுமையாகப் பாதித்த பகுதிகளுக்கு 6,000, மற்றவற்றுக்கு 1,000 என்று பிரித்தார்கள். உங்கள் தாலுகாவின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

வீடு இடிந்திருந்தாலோ மாடு, ஆடு இறந்திருந்தாலோ அது தனிக் கணக்கு. அதை ரேஷன் கடையில் கேட்டுப் பயனில்லை, விஏஓ-விடம்தான் போக வேண்டும். கணக்கெடுப்பில் உங்கள் வீடு விடுபட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆன்லைன் புகாரைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை. மனு எண் கையில் இருந்தால் அடுத்த முறை கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை: வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலர் கேட்டிருந்தீர்கள், ரேஷன் அட்டை சொந்த ஊரில் இருந்தால் என்ன செய்வது என்று. 2023-இல் சென்னையில் அட்டை இல்லாதவர்களிடமும் ரேஷன் கடைகளிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், வங்கிப் புத்தகம் என்று அந்த முகவரியில் வாழ்ந்ததைக் காட்டும் எதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று: நனைந்த ரூபாய் நோட்டுகளை எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம், அங்கே கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட கட்டை மட்டும் வங்கிக் கிளையில் வாங்க மாட்டார்கள், வீட்டில் பிய்க்காமல் அப்படியே ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள்.