ஆறு மாதக் குழந்தைக்கு முதல் கரண்டி உணவு: எப்படித் தொடங்குவது?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்கப்புறம் இணை உணவு தேவை. பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து இந்த வயதில் குறைந்துவிடும், தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் உணவு தொடங்கியதும் பாலை நிறுத்திவிடாதீர்கள். 2 வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதலில் குழந்தை தயாரா என்று பாருங்கள். பிடித்து உட்கார வைத்தால் தலை ஆடாமல் நிற்க வேண்டும். நீங்கள் சாப்பிடும்போது எட்டிப் பிடிக்க வரும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளுவதும் குறைந்திருக்கும்.

பசியில் வீறிட்டு அழும் நேரத்தில் தொடங்காதீர்கள். கொஞ்சம் பால் கொடுத்துவிட்டு, அப்புறம் கிண்ணத்தை எடுங்கள்.

பதம்தான் முக்கியம். நன்றாக வேகவைத்து, கட்டியில்லாமல் மசித்து, தேவைப்பட்டால் தாய்ப்பால் சில சொட்டு விட்டுக் குழையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மெதுவாக விழ வேண்டும். நீர்க்கக் கரைத்தால் அந்தச் சின்ன வயிறு வெறும் தண்ணீரிலேயே நிறைந்துவிடும், சத்து சேராது. பருப்பு, மசித்த இறைச்சி, முட்டை என்று இரும்புச்சத்துள்ளவை தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) இருந்தால், முட்டையும் நிலக்கடலையும் தரும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இனி ஊட்டலாம். கரண்டி நுனியைக் கீழ் உதட்டில் வைத்துக் காத்திருங்கள். குழந்தையே வாய் திறக்கும். உள்ளே திணிக்க வேண்டாம். பாதி தாடையில் வழியும், என் மகள் முதல் நான்கு நாளும் அப்படித்தான் செய்தாள். அது பிடிக்காததால் அல்ல, விழுங்கப் பழகுகிறார்கள். ஒரு நாளைக்கு 2 வேளை, வேளைக்கு 2, 3 கரண்டி போதும். 9 மாதத்தில் 3, 4 வேளை, இன்னும் கெட்டியாக.

குமட்டி இருமினால் பதறாதீர்கள், தானே சரிசெய்துகொள்ளும். சத்தமே வராமல் மூச்சுத் திணறினால்தான் ஆபத்து, உடனே முதலுதவி வேண்டும். அதனால் சாப்பிடும் குழந்தையைத் தனியே விட்டுப் போகாதீர்கள். முழுத் திராட்சையும் முழுக் கடலையும் கூடவே கூடாது.

1 வயதுவரை தேன் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளம் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். உப்பு, சர்க்கரை சேர்க்காதீர்கள்.

முகத்தைத் திருப்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டால் அந்த வேளை முடிந்தது. கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.