நெல்லுக்குப் பூஞ்சை மருந்து அடிக்கலாமா? ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

வீடு திருவொற்றியூரில், நிலம் மீஞ்சூர் தாண்டி. கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து ஞாயிறுதோறும் போய்வருகிற விவசாயி நான். போன நவரைப் பட்டத்தில், “இலையெல்லாம் காயுதுண்ணா, மருந்து வாங்கிட்டு வாங்க” என்று நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன் செய்தான். கடையில் கொடுத்த பூஞ்சைக்கொல்லியை அடித்தோம். கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அது பூஞ்சையே இல்லை.

அதனால் முதல் வேலை, வரப்பில் நின்று முடிவெடுக்காமல் வயலுக்குள் இறங்குவது. நாலைந்து இடத்தில் தூரை, அதாவது ஒரே இடத்தில் கிளைத்து நிற்கும் பயிர்க்கொத்தை, பிரித்துப் பாருங்கள். இரு முனையும் கூராக, நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பாகக் கண் வடிவப் புள்ளி இருந்தால் குலைநோய். தண்ணீர் மட்டத்தை ஒட்டி தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையில் பாம்புத்தோல் போலத் திட்டு இருந்தால் இலையுறைக் கருகல். இரண்டும் பூஞ்சைதான்.

நான் சறுக்கிய இடம் இது: நுனியிலிருந்து இலையோரமாக, அலை அலையாக மஞ்சளடித்துக் காய்ந்து வருவது. இது பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கலாம். பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் இலையை வெட்டி, வெட்டு வாய் நனையும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் போலக் கலங்கல் இழையாக இறங்கினால் பாக்டீரியாதான். பூஞ்சை மருந்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். யூரியாவை நிறுத்துங்கள். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை வடிகட்டி அடிக்கலாம்.

சரி, குலைநோய்தான் என்றால்? தூர் கட்டும் பருவத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி இருந்தால் நான் அடிப்பதில்லை. மேலுரமாகப் போடும் யூரியாவைத் தள்ளிப்போட்டு, மூன்று நாள் கழித்துப் பார்ப்பேன். புள்ளி புது இலைக்கும் ஏறினால் அடிப்பேன். பயிர் பொதியில் (கதிர் வெளிவராமல் உறைக்குள்) இருந்து, இலையில் புள்ளியும் இருந்து, பனியும் மேகமூட்டமும் சேர்ந்தால் காத்திருப்பதே இல்லை. கதிரின் கழுத்தில் நோய் விழுந்தபின் அடித்துப் பயனில்லை, மிஞ்சுவது பதர்தான். பிபிடி 5204 போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும், அந்த ரகத்துக்குக் குலைநோய் தாங்காது.

குலைநோய்க்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி, டிரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள், ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். 16 லிட்டர் டேங்குக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் வரும். மூடிக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். என் ஓட்டு பேட்டரி ஸ்பிரேயருக்கே. பெட்ரோல் ஸ்பிரேயர் முதுகில் இருந்தால் காது போய்விடும்.

அப்டேட்: பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஒருவர், பால் இறங்கவே இல்லை என்று கமெண்டில் எழுதியிருந்தார். விசாரித்தால் முழுக்கக் காய்ந்த இலையை வெட்டியிருக்கிறார். புதிதாக மஞ்சளாகும் இலையைக் காலையில் பறித்து, அங்கேயே வெட்டிப் பாருங்கள். டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.