வியாதியில் இருப்பவரைச் சந்திக்கப் போகும் சபையாருக்கு

போவதற்கு முன் நோயாளியிடம் கேட்காதீர்கள். மரியாதைக்காவது "வாங்க" என்றுதான் சொல்வார். கூட இருந்து பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் ஏன் என்று விசாரிக்காமல் விட்டுவிடுங்கள். இருவருக்கு மேல் சேர்ந்து போக வேண்டாம். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால், நின்று 48 மணி நேரமாவது ஆகட்டும். கீமோதெரபி எடுப்பவருக்கு வெள்ளை அணுக்கள் குறையும் நாள்களில் சாதாரணத் தொற்றே உயிருக்கு ஆபத்து. சென்ட் வாசனை குமட்டலைக் கிளப்பும். பூவும் பழமும் வாங்குமுன் வார்டில் அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். கட்டிலில் உட்காராமல், நாற்காலியை அவர் முகம் தெரியும்படி போட்டுக்கொள்ளுங்கள். "பத்து நிமிஷம் இருந்துட்டுக் கிளம்புறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வந்தவரை உபசரிக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு இருக்காது. சொன்னபடி எழுந்தும் விடுங்கள்.

பேச்சில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்ததும் யோபிடம் பாவத்தைத் தேடத் தொடங்கினார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான். "விசுவாசம் குறைஞ்சதால வந்திருக்கும்", "உங்களுக்குப் பாடம் கத்துக்கொடுக்கிறார்" என்பதெல்லாம் அதே பேச்சுதான். மருந்தை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்வதை நாங்கள் ஊழியமாகவே எண்ணுவதில்லை. "ரொம்பக் கஷ்டமா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பேசக் காத்திருங்கள். அழுதால் உடனே தேற்றாமல் அழவிடுங்கள்.

ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு, எதற்காக என்றும் கேளுங்கள். சுகத்தை விட இன்று இரவுத் தூக்கம் பெரிதாக இருக்கலாம். ஒன்றிரண்டு நிமிடம், தாழ்ந்த குரல் போதும். பக்கத்துக் கட்டிலிலும் ஆள் இருக்கிறார். ஜெபம் என்ற பெயரில் நோயாளிக்குப் பிரசங்கம் பண்ணக் கூடாது. சங்கீதம் 23, 121 எல்லாருக்கும் தெரிந்தவை. மனம் கசந்திருப்பவருக்கு 13 அல்லது 88 பொருந்தும்; 88 இருளிலேயே முடிகிறது, அந்த நேர்மை சிலருக்கு ஆறுதல். எண்ணெய் பூசுவது பற்றி யாக்கோபு 5:14 சொல்லும்போது மூப்பர்களை அழைப்பவர் நோயாளிதான், ஆகவே அவர் கேட்காமல் செய்யாதீர்கள். நெற்றியில் ஒரு துளி போதும். ஆக்சிஜன் ஓடும்போது வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. திருவிருந்து கொடுக்குமுன் நர்ஸிடம் கேளுங்கள்: விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு சிறு துண்டு அப்பம்கூட மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம்.

நோயின் பெயரையும் நிலையையும் அனுமதியில்லாமல் ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். படம் எடுக்கவே கூடாது.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது யோசிக்கும் வேலையையும் அந்த வீட்டார் தலையில் போடுகிறது. "செவ்வாய் 4 மணியிலிருந்து 7 வரை நான் பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று நாளும் நேரமும் குறித்துச் சொல்லுங்கள். சாப்பாடு, துணி துவைத்தல், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, பில் கட்டுவது ஆகியவற்றை ஒருவரே பட்டியலிட்டுச் சபையாருக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். வீட்டாரும் அவர் ஒருவரிடம் பேசினால் போதும். முதல் இரண்டு வாரம் கூட்டம் அலைமோதும், பிறகு யாரும் வரமாட்டார்கள். அதனால் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கப் போகிறவரிடம் மருந்து நேரமும் அவசர எண்ணும் எழுத்தில் இருக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பச் சொல்லியிருந்தால், அந்த முறையை நர்ஸிடம் கற்றுக்கொண்ட பிறகே செய்யுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவலாம், தோல் உரியும்.

இறுதி நாள்களில் பசியும் தாகமும் குறைவது இயல்பு. ஊட்டிவிட வற்புறுத்தாமல் உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள். நினைவில்லாதவருக்கும் காது கேட்கலாம்: வந்திருப்பது யார் என்று பெயரைச் சொல்லுங்கள், அடக்க ஏற்பாடுகளை வெளியே போய்ப் பேசுங்கள். அடக்கம் முடிந்ததும் வாடகைக் கட்டிலையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் திருப்பிக் கொடுக்கும் வேலையைச் சபையாரே எடுத்துக்கொள்ளலாம்.