மாத்திரை கேஸா? முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "சார், தம்பிய ஸ்டேஷன்ல வச்சிருக்காங்க. மாத்திரை கேஸ்ங்கிறாங்க." என்ன நடந்தது என்று நான் கேட்பதில்லை. பேசுகிறவருக்கு அது தெரிந்திருக்காது. "என்ன மாத்திரை? அட்டையில பொடி எழுத்துல என்ன பேர் போட்டிருக்கு?" என்றுதான் கேட்பேன்.

சட்டம் படிப்பதற்கு முன் பி.பார்ம் முடித்துவிட்டு நாலு வருடம் மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் நின்றவன் நான். இப்போது மதுரையில் கிரிமினல் வழக்குகள் பார்க்கிறேன். மாத்திரை கேஸில் எனக்குப் பெரிதும் கைகொடுப்பது கவுன்ட்டரில் வந்த மூன்று பழக்கங்கள்: மருந்தின் பெயரைப் பார்ப்பது, எண்ணுவது, பில்லோடு ஒத்துப் பார்ப்பது. குடும்பத்தில் ஒருவர் இந்த மாதிரி வழக்கில் மாட்டிக்கொண்டால் உங்கள் வக்கீலிடம் எதையெல்லாம் கேட்க வேண்டும், எதை நீங்களே தேடிக் கொடுக்க வேண்டும் என்று எழுதிவைக்கிறேன்.

அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்தான் வழக்கின் தலையெழுத்து. 'போதை மாத்திரை' என்று பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுவிடுகின்றன, சட்டம் அப்படிப் போடுவதில்லை. அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், நைட்ரசெபாம், பியூப்ரினார்பின் எல்லாம் 1985ஆம் வருட என்டிபிஎஸ் சட்டத்தின் (போதைப்பொருள், மனமயக்கப் பொருள் சட்டம்) பட்டியலில் இருப்பவை. வலிக்குக் கொடுக்கும் டிரமடால் 2018 ஏப்ரலில்தான் அதில் சேர்ந்தது. அதே வலிக்குக் கொடுக்கும் டேபென்டடால்? 2025 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகம் விட்ட அறிக்கையிலேயே அது என்டிபிஎஸ் பட்டியலில் இல்லை என்று இருந்தது. பட்டியல் அவ்வப்போது மாறும். அதனால் மாத்திரை பறிமுதலான தேதியில் அந்தப் பெயர் பட்டியலில் இருந்ததா என்று பாருங்கள்.

இல்லை என்றால் வழக்கே வேறு. 1940ஆம் வருட மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டம்தான் பேசும். லைசென்ஸ் இல்லாமல் விற்பதும், விற்பதற்காக இருப்பு வைப்பதும் அதில் குற்றம். மூன்று முதல் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு, லேசானதல்ல. ஆனால் அந்த வழக்கைப் போலீஸ் நடத்த முடியாது. 2020 ஆகஸ்டில் அசோக் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அந்தச் சட்டத்தின் நான்காம் அத்தியாயக் குற்றங்களுக்குப் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது, விஷயத்தை மருந்து ஆய்வாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்கு ஒரு சுற்றுவழி வைத்திருக்கிறார்கள். மயக்கப் பொருள் கொடுத்துத் தீங்கு செய்தார் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவைச் சேர்ப்பார்கள். பழைய ஐபிசி 328தான் அது. எஃப்ஐஆரில் அந்த எண்ணைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்குக் கொடுத்தார், யார் சாப்பிட்டார்? வெறுமனே பையில் இருந்த மாத்திரைக்கு அந்தப் பிரிவு எப்படிப் பொருந்தும்?

பெயர் என்டிபிஎஸ் பட்டியலில் இருந்தால் அடுத்தது எடை. பல குடும்பங்கள் இங்கேதான் திகைத்துப் போகின்றன. அளவு சிறிதென்றால் ஒரு வருடம் வரை, நடுத்தரம் என்றால் பத்து வருடம் வரை, வணிக அளவென்றால் குறைந்தபட்சமே பத்து வருடம், அதிகபட்சம் இருபது. அல்பிரசோலத்துக்குச் சிறிய அளவின் எல்லை 5 கிராம், வணிக அளவு 100 கிராம். டிரமடாலுக்கு 5 கிராமும் 250 கிராமும்.

எந்த எடையைப் பார்ப்பது? ஒரு 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் மாத்திரையில் மருந்து அரை மில்லிகிராம்தான். மீதியெல்லாம் ஸ்டார்ச், லாக்டோஸ் மாதிரியான மாவு. மாத்திரை மொத்தம் 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மாத்திரையில் உண்மையான மருந்து அரை கிராம், சிறிய அளவில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மாவையும் சேர்த்துத்தான் எடை பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இப்போது அதே ஆயிரம் மாத்திரை 120 கிராம், வணிக அளவு. நாற்பத்திரண்டு மாத்திரையிலேயே சிறிய அளவைத் தாண்டிவிடும். மருந்தாளராக எனக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் ஜீரணமாகவில்லை. வக்கீலாக அதை ஏற்றுக்கொண்டுதான் வாதாட வேண்டியிருக்கிறது.

ஆனால் மாவு சேரும் என்றால் அலுமினிய அட்டையும் சேரும் என்று அர்த்தமில்லை. ஒரு வழக்கில் என் கட்சிக்காரரிடம் எழுபது அட்டை எடுத்தார்கள், எழுநூறு மாத்திரை. மகஜரில் (பறிமுதல் செய்த இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு) 154 கிராம் என்று எழுதியிருந்தது. அட்டையோடு தராசில் வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் மாத்திரை மட்டும் 84 கிராம், மீதி 70 கிராம் தகடு. அந்தத் தகட்டின் எடைதான் அவரை வணிக அளவுக்குத் தள்ளியிருந்தது. வணிக அளவென்றால் என்டிபிஎஸ் சட்டத்தின் 37ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும்: ஆள் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணமும், வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்யமாட்டார் என்ற நம்பிக்கையும் நீதிபதிக்கு வந்தால்தான் ஜாமீன். நடுத்தர அளவுக்கு இந்தப் பூட்டு கிடையாது. எனவே மகஜர் நகல் கைக்கு வந்ததும் மாத்திரை எத்தனை, அட்டை எத்தனை, எடை அட்டையோடா அட்டை இல்லாமலா, எந்தத் தராசு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்ணிக்கையை ஒரு மாத்திரையின் எடையால் பெருக்கிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் அங்கே ஒரு வழி இருக்கிறது.

சரி, காகிதத்துக்கு வருவோம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை வைத்திருப்பது குற்றமே இல்லை. என்டிபிஎஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவு மருத்துவத் தேவைக்கு விலக்கு தருகிறது, 1985ஆம் வருட விதிகளில் 66ஆம் விதி அதற்கு அளவு சொல்கிறது. அல்பிரசோலம், குளோனசெபாம், டிரமடால் மாதிரியான மனமயக்க மருந்துகளைச் சொந்த சிகிச்சைக்காக ஒரு நேரத்தில் 100 டோஸ் வரை ஒருவர் வைத்துக்கொள்ளலாம். நீண்டகால சிகிச்சை என்று பதிவுபெற்ற டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை. இங்கே கணக்கு மாத்திரை எண்ணிக்கையில், கிராமில் இல்லை. எடை நடுத்தர அளவைத் தொட்டாலும் இந்த விதிக்குள் நின்றால் குற்றம் கிடையாது.

பதற்ற நோய்க்கு மருந்து சாப்பிடும் லாரி ஓட்டுநர் ஒருவர் 180 குளோனசெபாம் மாத்திரையோடு பிடிபட்டார். சீட்டு வீட்டில் இருந்தது. தினம் இரண்டு, மூன்று மாதத்துக்கு என்று டாக்டர் எழுதியிருந்தார். கணக்கு அச்சாகப் பொருந்தியது. அவர் மனைவி அதோடு ஆஸ்பத்திரி ஓபி சீட்டுகள், இரண்டு வருடத்துப் பில்கள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். அந்தப் பில்களில் பேட்ச் எண் இருந்தது. பறிமுதலான அட்டையில் இருந்த பேட்ச் எண்ணும் அதே. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மாத்திரை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அந்த இடத்திலேயே முடிந்துபோனது. (கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பேட்ச் எண் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடும். தினசரி இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், பில்லையும் கேளுங்கள்.)

காகிதம் இல்லையென்றால் உண்டாக்கக் கூடாது. ஒரு அப்பா பதற்றத்தில் தெரிந்த டாக்டரிடம் பழைய தேதி போட்டு ஒரு சீட்டு வாங்கி, என்னிடம் சொல்லாமல் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். அந்தத் தேதியில் டாக்டர் ஊரிலேயே இல்லை. பையன் மேல் இருந்த ஒரு வழக்கு மூன்று பேர் மேல் இரண்டு வழக்காக வளர்ந்தது.

கைதான முதல் நாளில் செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் அதை விட்டால் பிறகு கிடைக்காது. கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் சொன்னார்களா? வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்களா? 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து பேச அவருக்கு உரிமை இருக்கிறது. தினசரி மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அங்கேயே சொல்லிப் பதியச் செய்யுங்கள். சிறையில் மருந்து கிடைக்கவும் அது வேண்டும், வழக்குக்கும் அது முதல் ஆவணம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும்.

"அவனே ஒத்துக்கிட்டான்" என்று சொன்னால் கலங்காதீர்கள். அதிகாரிகளிடம் என்டிபிஎஸ் சட்டத்தின் 67ஆம் பிரிவில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 2020 அக்டோபரில் தூஃபான் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். போலீசிடம் சொன்னதும் அப்படித்தான், அவர் சொல்லிக் கண்டெடுத்த பொருளைப் பற்றிய பகுதி மட்டும் உள்ளே வரும். கூட்டாளி ஒருவர் வாக்குமூலத்தில் பெயர் சொன்னார் என்பதற்காக மட்டும் உள்ளே இருப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை.

சிசிடிவி பற்றி ஒரு வார்த்தை. பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம் என்று மகஜர் சொல்லும், வீட்டு வாசலில் பிடித்தார்கள் என்று அம்மா சொல்வார். எதிர்வீட்டு கேமரா கொஞ்ச நாளில் தானாகவே பழையதை அழித்துவிடும். அந்த வாரத்திலேயே பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மனு போடுங்கள். 2024 ஜூலை முதல், பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் போலீசே வீடியோ எடுக்க வேண்டும். அதையும் கேளுங்கள்.

சோதனை விதிமீறல்களைத்தான் எல்லோரும் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். உடம்பைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதனை செய்யக் கேட்கும் உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். இது 50ஆம் பிரிவு. 2010இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்றது. ஆனால் மாத்திரை சட்டைப்பையில் இல்லாமல் தோள்பையில் இருந்தால் இந்தப் பிரிவு உதவாது, 2023இலும் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது. வீட்டுக்குள் நுழைந்தால் 42ஆம் பிரிவு: வந்த தகவலை எழுதிவைத்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். திறந்திருக்கும் கடை பொது இடக் கணக்கில் போய்விடும், கடைக்குப் பின்னால் இருக்கும் வீடு போகாது. இரண்டையும் ஒரே மகஜரில் கலந்திருந்தால் கவனியுங்கள். மாஜிஸ்திரேட் முன் மாதிரி எடுக்கச் சொல்லும் 52ஏ மீறப்பட்டது என்பதற்காகவே விடுதலை கிடைத்துவிடும் என்று இப்போது நம்ப முடியாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைப் பாதி சாத்திவிட்டது. பழைய தீர்ப்புகளை அடுக்கும் வக்கீலிடம் "இது இன்னும் நிக்குதா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், தப்பில்லை.

மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம். 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 பதிவேடு (ஹெச்1 அட்டவணை மருந்துகளை விற்றதை எழுதிவைக்கும் ஏடு) கட்டாயம், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி பெயர், டாக்டர் பெயர், மருந்து, எண்ணிக்கை. ஆய்வாளர் வந்து கேட்கும்போது வரி விடுபட்டிருந்தால் அந்த இடத்தில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள், மை காட்டிக்கொடுக்கும். மாதிரி எடுத்துப் போனால் ஆய்வக அறிக்கை கிடைத்த 28 நாளுக்குள் மறுப்புத் தெரிவிக்கும் உரிமை உண்டு. அந்த 28ஐ விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பையன் விற்கவில்லை, பழக்கத்துக்கு அடிமை என்றால் அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். சிறிய அளவு அல்லது பயன்படுத்திய குற்றம் மட்டும் என்றால், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுப்பவர் மேல் வழக்கு நடத்த 64ஏ பிரிவு விடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

அப்புறம் வீட்டு காலண்டரில் ஒரு நாளை வட்டம் போடுங்கள். வணிக அளவு வழக்கில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டி அறிக்கை கொடுத்தால் மட்டும் நீதிமன்றம் ஒரு வருடம் வரை நீட்டலாம். நீட்டவும் இல்லை, குற்றப்பத்திரிகையும் வரவில்லை என்றால் 37ஆம் பிரிவின் பூட்டு இல்லாமலே ஜாமீன் உரிமை. முதல் ரிமாண்ட் நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. 181ஆம் நாள் காலை கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்கட்டும். மத்தியானம் போனால் அதற்குள் குற்றப்பத்திரிகை மேசையில் இருக்கலாம்.